துவக்குக்கு ஒரு காய்ஞ்ச அறை

கறள் கடுகளவுதான். ஆனா அதைக் கண்டதும் சுபாங்கன் கதிரையில இருந்திட்டான்.

துவக்கின்ர குழல் நல்ல கருநீலம். பிடி வால்நட் மரம், பழந்தேன் நிறம். வயசுபோன வெள்ளைக்காரர் ஒருத்தர் வேட்டையை விட்டபோது, பொம்பிளைப்பிள்ளையைக் கட்டிக் குடுக்கிறமாதிரிக் கண்கலங்கித் தந்தது. அந்தக் குழலின்ர வாய்க்குக் கிட்ட இப்ப ஒரு செம்மண் நிறத் துருப்பொட்டு.

சுபாங்கன் கிழமையில அஞ்சு நாள் வெரிபீயில இருந்து, நகரத்தின்ர மற்றக் கரையில இருக்கிற மல்கிரேவ் கந்தோருக்கு வேலைக்குக் கார் ஓடுறவன். போக ஒரு சென்மம், வர ஒரு சென்மம். களைச்சு விழுந்து வந்து அந்தத் துவக்கை ஒருக்காத் துடைச்சு வைச்சாத்தான் அவனுக்கு நாள் முடியும். அதால இன்னும் ஒரு முயல்கூட விழேல்லை எண்டது வேற கதை. இவன் குறி பாக்கேக்க முயல் இருந்து ஆறுதலா முகம் கழுவினது எண்டு கூட்டாளி வாசுதேவன் கந்தோர் முழுக்கச் சொல்லித் திரியிறான்.

கறளுக்குக் காரணம் மழை இல்லை, சுபாங்கன்தான். போனமுறை வேட்டையில நனைஞ்ச துவக்கை, பருத்தி ஈரத்தை உறிஞ்சும் எண்டு நினைச்சு, தன்ர கோயில் வேட்டியால சுத்தி இரும்புப் பெட்டிக்குள்ள வைச்சுப் பூட்டினவன். வேட்டி உறிஞ்சினது உண்மை. உறிஞ்சின ஈரத்தோட துவக்கைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு கிடந்ததும் உண்மை.

பொட்டை ஒருமாதிரித் தேய்ச்சு எடுத்தான். வேட்டியைச் சுருட்டி ஊத்தை உடுப்புக் கூடைக்கு அடியில தாட்டான். அடுத்த நாள் ஒரு பெரிய பெட்டியோட வீட்டுக்கு வந்தான்.

"இஞ்சருங்கோ, இதென்ன?" எண்டா மனிசி தர்சினி.

"ஈரம் உறிஞ்சிற மெஷின்."

தர்சினியின்ர முகம் மலர்ந்திட்டுது. "கடைசியா மனம் இரங்கிட்டீங்கள். பிள்ளையின்ர யூனிபோம் காயாமக் கிடந்து மணக்குது."

"இது துவக்குக்கு."

முகம் மூடிட்டுது.

"போன குளிருக்கு நான் ட்ரையர் கேட்டனான். என்ன சொன்னனீங்கள்?"

"வெயில் வரும் எண்டனான்."

"அப்ப துவக்குக்கும் வெயில் வரும்தானே."

"தர்சினி, விளங்காமக் கதைக்காதையும். ஈர உடுப்பு மணக்கும், அவ்வளவுதான். ஈரத் துவக்கு செத்துப்போம்."

"ஈர யூனிபோம் போட்டாப் பிள்ளைக்குச் சளி பிடிக்கும்."

"சளி மாறும். கறள் மாறாது."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது எண்டு வாய் மூட முதலே அவனுக்குத் தெரிஞ்சுது.

மெஷினைத் துவக்குப் பெட்டி இருந்த சின்ன அறைக்குள்ள வைச்சான். வெளியில வெரிபீ மழை மேல இருந்து பெய்யாமப் பக்கத்தால அடிக்குது. உள்ள அறை மட்டும் அப்பளம்மாதிரிக் காய்ஞ்சு கிடக்குது. ரெண்டாம் நாள் தர்சினி உடுப்புக் கூடையோட வாசல்ல வந்து நிண்டா.

"நீர் உள்ள வரேலாது," எண்டான் சுபாங்கன்.

"ஏன்?"

"சட்டம். துவக்கு இருக்கிற அறைக்குள்ள லைசென்ஸ் இல்லாத ஆக்கள் கால் வைக்கக் கூடாது. பொலிஸ் கண்டால் துவக்கையும் கொண்டுபோவான், என்னையும் கொண்டுபோவான்."

"உங்களை மட்டும் கொண்டுபோனாக் காயப்போடலாமோ?"

"பகிடி விடாதையும்."

"அப்ப லைசென்ஸ் இருந்தா வரலாம்?"

"ஓம், தாராளமா," எண்டு சுபாங்கன் சிரிச்சான். இப்பிடி ஒரு சட்டம் தன்ர வாயில இருந்து இவ்வளவு லேசா வந்ததில அவனுக்கே பெருமை.

தர்சினி கூடையைத் தூக்கிக்கொண்டு போயிட்டா. சண்டை இல்லை. அதுக்குப் பிறகு அந்தக் கதையே இல்லை. பேசாம இருக்கிற மனிசியைப் பாத்துப் பயப்பிடோணும் எண்டு அவனுக்குத் தெரியாமப் போச்சு. சாப்பாட்டு மேசைக்கு மேல பாவாடை தொங்கிச்சுது. அதுக்குக் கீழ குனிஞ்சு இருந்து சோறு திண்டான். படிக் கம்பியில போர்வை. குளிக்கப் போனாத் தலையில ஈரக் கால்மேசு சொட்டிச்சுது. எண்டாலும் துவக்கு காய்ஞ்சு இருந்துது. அது காணும்.

கனநாளைக்குப் பிறகு ஒருநாள், பாலத்தில ட்ரபிக்கில கிடந்து இடுப்பு நோவோட வந்து பாக்கிறான், அறைக் கதவு ஆவெண்டு திறந்து கிடக்குது. உள்ளுக்கு இந்தப் பக்கத்தில இருந்து அந்தப் பக்கம் வரைக்கும் கொடி. கொடி முழுக்க உடுப்பு. துவக்குப் பெட்டிக்கு மேல ஒரு தட்டம் மோர்மிளகாய். மெஷின் மாரடைப்பு வந்தமாதிரி முனகுது. நடுவில அவன்ர வேட்டி தோரணமாத் தொங்குது.

"ஆரைக் கேட்டு இஞ்ச வந்தனீர்?"

தர்சினி ஒரு சின்ன அட்டையை எடுத்து நீட்டினா. அவவின்ர படம். அவவின்ர பேர். துவக்கு லைசென்ஸ்.

சுபாங்கன் அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தான்.

"எப்ப எடுத்தனீர்?"

"நீங்க கார் ஓடிக்கொண்டிருக்கேக்க."

"ஏன் லைசென்ஸ் எண்டு காரணம் காட்டோணுமே?"

"வேட்டைக்கு எண்டனான். நீங்க முயல் சுடப் போற தோட்டத்துக்காரனிட்ட வாசு கடிதம் வாங்கித் தந்தவன்."

"சோதினை?"

"ஒரு பிழையும் இல்லை. நீங்க ரெண்டாந்தரம்தானே பாஸ் பண்ணினது?" அவன் அட்டையைத் திருப்பிக் குடுத்தான். "உங்கட அறைச் சட்டத்தையும் ஒரு பொலிஸ்காரியிட்டக் கேட்டனான். பெட்டி பூட்டியிருந்தாச் சரியாம். அறைக்குள்ள ஆரும் போகலாமாம்."

"பிறகேன் லைசென்ஸை எடுத்தனீர்?"

"அதுக்குள்ள லைசென்ஸ் வகுப்புத் தொடங்கிட்டுது. பாதியில எழும்பி வாறது மரியாதையில்லை." தர்சினி வேட்டியின்ர தலைப்பை விரிச்சுக் காட்டினா. "இந்தக் கறளும் எண்ணையும் என்ன தோய்ச்சும் போகேல்லை. ஈரத் துவக்கைத் துணியில சுத்தி வைக்கக் கூடாதாம். துடைச்சு, காத்துப்பட விட்டு, மெல்லிசா எண்ணை பூசோணுமாம். ஒராள் வேட்டியில சுத்தி வைச்சவர் எண்டு சொன்னன். வகுப்பே சிரிச்சுது."

"என்ர பேரைச் சொன்னீரோ?"

"சீ. தூரத்துச் சொந்தம் எண்டனான்."

அதுக்குப் பிறகு சுபாங்கனுக்கு வாழ்க்கை மெஷின்ர தண்ணியோட போச்சுது. விடிய எழும்பினா டாங்க் நிரம்பியிருக்கும். ஊத்துவான். வேலையால வந்தா நிரம்பியிருக்கும். ஊத்துவான். காய வந்த ஈர உடுப்புகள் மெஷினை மிஞ்சித் தங்கட ஈரத்தைத் துவக்குக்கு விட்டுக்குடுத்துக்கொண்டிருந்தது. குழலைத் தடவினா விரல் நனையிறமாதிரிக் கிடந்துது. குனிஞ்சு துடைப்பம் எண்டா மோர்மிளகாய்க் காரத்தில தும்மல். தும்மலிலயும் ஈரம்.

கடைசியா மனிசன் சரணாகதி.

"ட்ரையர் வாங்கித் தாறன் தர்சினி. அறையை விடும்."

"ட்ரையர் காணாது."

"வேற என்ன?"

"ஒரு சனிக்கிழமை துவக்கு எனக்கு. எந்தச் சனி எண்டு நான் சொல்லுவன்."

சுபாங்கன் யோசிச்சான். ஒரு சனி தன்னை வேட்டைக்குப் போகவிடாமல் கடைக்கு இழுக்கப் போறா. இவ்வளவுதானே.

"சரி."

"கேரம் டவுன்ஸ் கோயில் மேல சத்தியம்?"

"சத்தியம்."

ட்ரையர் வந்துது. கொடி இறங்கிச்சுது. தர்சினி மோர்மிளகாயைக் குசினிக்குக் கொண்டுபோனா. சுபாங்கன் அறைக்குள்ள தனிய இருந்து, துவக்கின்ர ஒவ்வொரு இடமும் எண்ணைத் துணியால தடவி, கனகாலத்துக்குப் பிறகு ஒரு பெருமூச்சு விட்டான். வாற சனி வாசுதேவனோட முயல் வேட்டை. அவன் அந்த ஒரு நாளுக்காகத்தான் இவ்வளவு தண்ணியும் ஊத்தினது.

சனி விடிய வாசுதேவன்ர யூட் வண்டி வாசல்ல ஹோர்ன் அடிச்சுது. சுபாங்கன் ஒரு சப்பாத்தைப் போட்டு, மற்றதைக் கையில வைச்சுக்கொண்டு நிமிர்ந்தான். படியால தர்சினி இறங்கி வாறா. மழைக்கோட்டு. தலையில அவன்ர வேட்டைத் தொப்பி.

"நீர் எங்க?"

"இண்டைக்குத்தான் என்ர சனி."

சுபாங்கன் ஒத்தைச் சப்பாத்தோட வெளியில நொண்டிக்கொண்டு போனான்.

"வாசு, உன்ர யூட்டில ரெண்டு சீற்தானேடா?"

"ஓம் அண்ணை."

"அப்ப?"

வாசுதேவன் காய்ஞ்ச கண்ணாடியை உள்ளுக்கால துடைச்சான். "தோட்டக்காரனுக்கு முயல் குறையோணும் அண்ணை. சுட்டுப் பழகேக்க அக்கா நிரைக்கு வைச்ச ஒரு டின்னையும் மிச்சம் விடேல்லை."

"இஞ்சருங்கோ, பெட்டியைத் திறந்து எடுத்துத் தாங்கோ," எண்டா பின்னால வந்த தர்சினி. "சாவி கண்டபடி கை மாறக் கூடாது. இது உண்மையான சட்டம்."

சுபாங்கன் திறந்தான். எடுத்தான். உறையில போட்டுத் தன்ர கையாலேயே குடுத்தான். வெளியில பக்கத்தால மழை தொடங்கிச்சுது.

"மழை வருது தர்சினி," எண்டான்.

"தெரியும். பிள்ளைக்கு நீச்சல் வகுப்பு இருக்கு. ட்ரையருக்குள்ள உடுப்புக் கிடக்கு, எடுத்து மடியுங்கோ. மிளகாயைப் பிரட்டி விடுங்கோ."

யூட் வெளிக்கிட்டுது. கொஞ்சத் தூரம் போய் நிண்டுது. தர்சினி கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினா.

"துவக்கை நினைச்சு யோசியாதேங்கோ. நான் வேட்டி கொண்டுபோகேல்லை."