உன் ஊருக்கு இடம் போதவில்லை

என் அன்புக்கும், அவ்வப்போது என் பயத்துக்கும் உரிய துணைவிக்கு,

உன் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், ஹாலில் உள்ள கடிகாரமும், கதவைச் சரியாகச் சாத்தாவிட்டால் கீச்சென்று கூப்பிடும் ஃபிரிட்ஜும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும், இடுப்பு எலும்பு கூடிவரும் உன் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசும்போது கடிதம் எதற்கு என்று நீ புருவத்தைத் தூக்குவது இங்கிருந்தே தெரிகிறது. காரணம் இருக்கிறது. நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அக்காவுக்குக் காலை நீவிவிடுகிறாய். நான் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் நீ, அக்கா, அக்காவைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டம்மா என மூன்று குரல்கள் "ஆச்சு" என்கின்றன. அந்தச் சபையில் சொல்லக்கூடிய விஷயம் அல்ல இது. ஆகவே முறைப்படி எழுத்தில் தெரிவிக்கிறேன். பதறாதே, உன் டப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதாவது, இப்போது ஒன்றும் ஆகவில்லை.

போன வாரம் நீ போனை வைக்கப் போகும்போது, "டப்பாவைத் திறந்து என் ஊர்ல செடிங்களுக்குத் தண்ணி ஊத்திடுங்க, வாடிடும்" என்று சொன்னாய் அல்லவா. பையன் வேலைக்குப் போகும்போது உன்னிடம் கொடுத்துவிட்டுப் போன அந்தக் கையடக்க கேம் டப்பாவை நான் அதுவரை தொட்டதில்லை. நீ சோபாவின் அந்த மூலையில் அதை நோண்டி ஊர் கட்டிக்கொண்டு இருப்பாய், நான் இந்த மூலையில் செய்தி பார்த்துக்கொண்டு இருப்பேன், அதுதான் நமக்குள் இருந்த ஏற்பாடு. சரி, ஒரு பொறுப்பு வந்திருக்கிறதே என்று குளித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். திறந்தால், விளையாட்டைப் புதுப்பித்தால்தான் உள்ளே விடுமாம், புதுப்பிக்க மெமரி கார்டில் இடம் இல்லையாம். இடம் இல்லை என்று என்னிடம் சொல்கிறது. பம்பு உதிரிபாகக் கிடங்குக்கு ஆயுசு முழுக்கப் பொறுப்பாளராக இருந்தவன் நான். லாரி லாரியாகச் சரக்கு வந்து வாசலில் நிற்கும், மேனேஜர் தலையில் கை வைத்துக்கொள்வார், நான் ரெண்டு ராக்கைத் திருப்பிப் போட்டு உள்ளே ஏற்றிவிடுவேன். இப்போது நகத்தளவு ஒரு கார்டு எனக்கு இடமில்லை என்று பாடம் நடத்துகிறது.

பழைய சரக்கைக் கழித்துவிட்டால் இடம் வந்துவிடும் என்றுதான் முதலில் நினைத்தேன். உள்ளே பார்த்தால் பையன் ஆடிய கார் பந்தயம், கால்பந்து, ஆளை ஆள் தூக்கிப் போட்டு மிதிக்கிற ஒன்று, எல்லாம் அப்படியே கிடக்கு. அவன் அதைத் தொட்டு எத்தனையோ காலம் ஆச்சு. கார் பந்தயத்தை அமுக்கினேன், "நீக்கவா?" என்று கேட்டது. பக்கத்திலேயே அவன் தன் அடையாளமா வச்சிட்டுப் போன படம், ஹெல்மெட் போட்ட ஒரு குரங்கு, என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குது. நானும் விரலைத் தூக்கிக்கிட்டே கொஞ்ச நேரம் இருந்தேன். அப்புறம் வேண்டாம்னு அமுக்கிட்டு, செருப்பை மாட்டிக்கிட்டு பெரிய கார்டு வாங்கக் கடைக்குப் போயிட்டேன்.

கடையில ஒரு பொண்ணு இருந்தாங்க, காதுல பாட்டு மாட்டினவங்க, ஒரு காதை மட்டும் எனக்காகக் கழட்டினாங்க. "என்ன சார் வேணும்?"னாங்க. நான் விவரமா, "என் வீட்டுக்காரி ஊருக்கு இடம் பத்தலைம்மா, பெருசா வேணும்"னேன். "சார், நிலம் விக்கறவங்க ஆபீஸ் மாடியில, இது மொபைல் கடை"ன்னு சொல்லி காதைத் திரும்ப மாட்டிக்கிட்டாங்க. டப்பாவை எடுத்துக் காட்டினப்புறம்தான் புரிஞ்சுது. இருக்கறதுலயே பெரிய கார்டா எடுத்துக் கொடுத்து, பொறுமையாவே சொன்னாங்க. டப்பாவை முழுசா அணைச்சிடணும், பழைய கார்டை எடுத்து அதுல இருக்கறதெல்லாம் கம்ப்யூட்டர்ல காப்பி பண்ணணும், புதுசை டப்பாவுல போட்டு ஃபார்மேட் பண்ணணும், அப்புறம் கம்ப்யூட்டர்ல இருக்கறதைப் புதுசுல ஏத்தணும். "கம்ப்யூட்டர் இருக்குல்ல சார்?"னு கேட்டாங்க. "அதெல்லாம் இருக்கு"ன்னுட்டேன். நம்ம வீட்டுல கம்ப்யூட்டர் கிடையாதுங்கறது படி இறங்கும்போதுதான் ஞாபகம் வந்துச்சு. "கார்டை இழுக்காதீங்க, லேசா அமுக்கினா தானா வெளிய வரும்"னு பின்னாலேயே கத்தினாங்க.

தானா வந்துச்சு. வெட்டுக்கிளி மாதிரி வந்துச்சு. நான் லேசாத்தான் அமுக்கினேன், சத்தியமா லேசாத்தான். டிக்குன்னு ஒரு சத்தம், என் மூக்குக்கு முன்னாடி கறுப்பா ஏதோ பறந்துச்சு, அவ்வளவுதான். தரையில இல்ல, மேஜையில இல்ல. சோபா மெத்தையை எல்லாம் உருவிப் போட்டேன், உன்னோட ஹேர்பின் ஏழெட்டும், ஒரு பேனா மூடியும், நீ போன வருஷமெல்லாம் தேடிக்கிட்டிருந்த மூட்டுவலி களிம்பும் கிடைச்சுது, கார்டைக் காணோம். உன் ஊரே அதுக்குள்ள இருக்கு. நீ செங்கல் செங்கலாக் கட்டினது, அந்தக் குளம், அந்த மரப்பாலம், என்னைக் கூப்பிட்டு "இங்க பாருங்க"ன்னு காட்டி, நான் பார்க்காமலே "நல்லாருக்கு"ன்னு சொன்னது அத்தனையும். சோபாவையே ஓரமாத் தள்ளினேன். அது ஹாலுக்கும் ரூமுக்கும் நடுவுல வாசப்படியில சிக்கிக்கிட்டு, நான் அந்தப் பக்கம், பாத்ரூம், சமையலறை, போன் எல்லாம் இந்தப் பக்கம். சோபா மேல ஏறி இறங்கினேன். அப்ப பார்த்துக் கதவைத் தட்டறாங்க.

திறந்தா, அண்ணாந்தார். ஆமா, நீ பேர் வச்ச அதே அண்ணாந்தார்தான். நம்ம பாத்ரூம் தண்ணி அவர் வீட்டுக்குள்ள ஒழுகினதுல இருந்து நம்மகிட்ட ஒரு வார்த்தை பேசாம, படியில பார்த்தாக்கூட அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கிட்டே போறாரே, கீழ்வீட்டு பல்செட் செய்யறவர். "என்ன சார், மேல லாரி கீரி ஓட்டறீங்களா?"ன்னாரு. நேரா முகத்தைப் பார்த்துக் கேட்டாரு, அதுவே எனக்கு ஆச்சரியம்.

"ஒரு கார்டைத் தேடறேன் சார்"னேன்.

"பேங்க் கார்டா?"

"இல்ல. என் வீட்டுக்காரியோட ஊரு அதுக்குள்ள இருக்கு."

என்னை மேலயும் கீழயும் பார்த்தாரு. சிக்கிக் கிடந்த சோபாவைப் பார்த்தாரு. இறங்கிப் போயிட்டாரு. சரி, ஆளைக் கூட்டிட்டு வரப் போறாரு, என்னைக் கொண்டு போய் எங்கயாவது சேர்க்கப் போறாங்கன்னு நினைச்சேன். திரும்பி வந்தாரு, நெத்தியில லைட்டு கட்டிக்கிட்டு, கையில வாய்க்குள்ள விட்டுப் பார்க்கற குட்டிக் கண்ணாடியும் இடுக்கியும் எடுத்துக்கிட்டு. மண்டி போட்டு நம்ம ஹாலை ஒவ்வொரு பல்லாப் பார்க்கற மாதிரி பார்த்தாரு. ஃபிரிட்ஜுக்கு அடியில பார்த்தாரு, திரைச்சீலை மடிப்புல பார்த்தாரு. ரெண்டு பேரும் களைச்சு உட்கார்ந்து நான் டீ போட எழுந்திரிச்சப்ப, "சார், அசையாதீங்க"ன்னாரு. என் முதுகுப் பக்கம் வந்து, வேர்வையில ஒட்டிக்கிட்டிருந்த கார்டை காலருக்குக் கீழ இருந்து இடுக்கியால எடுத்துட்டு, "வலிக்குதா?"ன்னு கேட்டாரு. "இல்லியே"ன்னேன். "எனக்கு ஒருத்தர்கிட்டயாவது இப்படிக் கேட்கணும்னு ரொம்ப நாளா ஆசை சார். நான் பல் பிடுங்கறவன் இல்ல, செய்யறவன். அச்சு வரும், செஞ்சு அனுப்புவேன். எத்தனையோ பேருக்குச் சிரிப்பு செஞ்சு கொடுத்திருக்கேன், அதைப் போட்டுக்கிட்டு ஒருத்தர் சிரிச்சு நான் பார்த்ததில்ல"ன்னாரு. நான் அவருக்குச் சர்க்கரை ஒரு ஸ்பூன் கூடவே போட்டேன்.

கம்ப்யூட்டர் அவர் வீட்டுல இருந்துச்சு. இத்தனை வருஷத்துல முதல் தடவையா கீழ்வீட்டுக்குள்ள போனேன். மேஜை பூரா பல்லு. நடுவுல கம்ப்யூட்டரை வச்சு, பழைய கார்டைச் சொருகிக் காப்பி போட்டாரு. பச்சைக் கோடு நத்தை மாதிரி நகருது. நம்ம பாத்ரூம் கறை அவர் கூரையில பெரிய வட்டமா இருக்கு, உண்மையிலேயே அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். திடீர்னு, "உங்க வீட்டம்மா இல்லியோ?"ன்னாரு. அக்காவுக்கு ஒத்தாசைக்குப் போயிருக்கான்னு சொன்னேன். எப்படித் தெரியும்னு கேட்டேன். "எனக்கு மேல சத்தம் எல்லாம் கேக்கும் சார். முன்னாடி ரெண்டு பேர் நடப்பீங்க. அவங்க விறுவிறுன்னு போவாங்க, நீங்க இழுத்து இழுத்துப் போவீங்க. இப்ப ஒரே ஆள் ஜன்னலுக்கும் கதவுக்கும் போயிட்டுப் போயிட்டு வர்றதுதான் கேக்குது. எதையோ தேடறீங்கன்னு நினைச்சேன்"ன்னாரு. நான் நடைப்பயிற்சின்னு சொல்லிட்டேன். டாக்டர் சொல்லியிருக்காருன்னும் சேர்த்துக்கிட்டேன்.

காப்பி முடிஞ்சுது. புதுக் கார்டை டப்பாவுல போட்டா, "எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா?"ன்னு கேக்குது. நான் விரலை எடுத்துட்டேன். "புதுசுல அழியறதுக்கு என்ன சார் இருக்கு?"ன்னு அவர் சொன்னது நியாயமாத்தான் இருந்துச்சு, அமுக்கிட்டேன். மறுபடி ஏத்தினோம், மாடிக்கு வந்து விளையாட்டைப் புதுப்பிச்சேன், திறந்தேன். உள்ள ஒண்ணுமே இல்ல. மணலும் கடலும்தான். குளம் இல்ல, பாலம் இல்ல, "புதிய ஊருக்கு வருக, உங்கள் பெயர் என்ன?"ன்னு கேக்குது. என் பேரை நான் என்னன்னு சொல்றது. டப்பாவைக் கவுத்துப் பிடிச்சிக்கிட்டு மாடிப்படியில போய் உட்கார்ந்துட்டேன். உனக்குக் கடிதம் எழுதணும்னு முடிவு பண்ணினது அந்தப் படியிலதான். எப்படி ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியல. மறுநாள் காலையில வேலைக்குக் கிளம்பின அண்ணாந்தார் என்னை அதே படியில பார்த்துட்டு, டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. "ஆரம்பத்துல யாரு ஆடறீங்கன்னு ரெண்டு படம் காட்டுதே, நீங்க எதை அமுக்கினீங்க?"ன்னு கேட்டாரு. நான் குரங்கை அமுக்கியிருக்கேன். பையன் உன் விளையாட்டை ஆடினதே இல்ல, அவனுக்கு அங்க ஊர் ஏது. பக்கத்துல இருந்த சிட்டுக்குருவி நீதான்னு எனக்கு எப்படித் தெரியும், நீ சொன்னதே இல்லியே. இன்னொண்ணும் சொன்னாரு. ஊரெல்லாம் கார்டுலயே இருக்காதாம், டப்பாவோட வயித்துக்குள்ளதான் பத்திரமா இருக்குமாம். நாங்க ரெண்டு பேரும் மண்டி போட்டுத் தேடினதே வேண்டாத வேலை. அதை ரெண்டு பேரும் பெருசா எடுத்துக்கல.

குருவியை அமுக்கினேன். உன் ஊரு அப்படியே இருக்கு. களைதான் முழங்கால் உசரத்துக்கு மண்டிக் கிடக்கு. நான் உன் கவுனும் மஞ்சத் தொப்பியும் போட்டுக்கிட்டு வீட்டை விட்டு வெளிய வந்தேன். கடை வச்சிருக்குமே ஒரு குண்டுக் கரடி, அது பாலத்துல இருந்து ஓடி வருது. வந்து மூச்சு வாங்கிக்கிட்டு, "எங்க போயிட்டீங்க, எவ்வளவு நாளாச்சு, நீங்க இல்லாம ஊரு நல்லாவே இல்ல"ங்குது. பின்னாலேயே ஒரு ஆடு வந்து, "நீ இனிமே வரவே மாட்டியோன்னு நினைச்சேன்"னு சொல்லிட்டு மூஞ்சியைத் திருப்பிக்குது. பதில் சொல்ல எனக்கு ரெண்டே ரெண்டு வரி கொடுத்திருக்கு, அதுல எதை அமுக்கறதுன்னு தெரியாம நின்னேன். வெக்கமே இல்லாம ஒரு கரடி சொல்லுது பாரு. ஸ்பீக்கர்ல போட்டாலும் அது சொல்லும். அண்ணாந்தார் என்னைப் பார்க்காம படிக்கட்டுக் கூரையைப் பார்த்துக்கிட்டு நின்னாரு. அப்புறம், "எனக்கு வேலைக்கு நேரமாச்சு"ன்னு மெதுவாப் போனாரு.

இப்போது நிலவரம் இதுதான். தினமும் உன் ஊரில் தண்ணீர் ஊற்றுகிறேன், களையை எல்லாம் பிடுங்கிவிட்டேன், ஆடு என்னோடு பேச ஆரம்பித்துவிட்டது. கார்டில் ஏகப்பட்ட காலி இடம். இவ்வளவு காலி இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை. சமைத்துக்கொள்கிறேன், துவைத்துக்கொள்கிறேன், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், அது நானாகவே இருக்கிறேன். அக்கா நன்றாக நடக்கும்வரை கூடவே இரு, எந்த அவசரமும் இல்லை. அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல். குரல் கொடுக்கும் பக்கத்து வீட்டம்மாவையும் விசாரித்ததாகச் சொல். எல்லோரும் நீண்ட ஆயுளோடும், நல்ல எலும்போடும் வாழ்க.

இப்படிக்கு,
உன் கணவன், தற்காலிகத் தோட்டக்காரன்.

பி.கு.: மேலே "ஒரு குறையும் இல்லை" என்பதிலிருந்து "அவசரமும் இல்லை" என்பது வரை பேனாவால் அடித்துவிடு. தபால் பெட்டி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன். வீட்டுச் சாவியை அண்ணாந்தார்கிட்ட கொடுத்தாச்சு, ரெண்டு சட்டையும் டப்பாவும் பையில வச்சாச்சு, பஸ்ஸுல உட்கார்ந்துதான் இதை எழுதறேன், எழுத்து ஆடினா ரோட்டைத் திட்டு. இந்தக் கடிதத்தை நானே கொண்டு வந்து உன் கையில கொடுப்பேன். நீ உள் ரூம்ல உட்கார்ந்து படிச்சுக்கிட்டிருக்கும்போது நான் வெளிய அக்காகிட்ட இடுப்பைப் பத்தி விசாரிச்சுக்கிட்டு இருப்பேன். படிச்சு முடிச்சதும் உடனே எழுந்து வந்துடாதே. கொஞ்சம் கழிச்சு வா. நான் முகத்தைச் சரி பண்ணிக்கணும்.