தலைவர் தூக்கிய கை

புதுக் கட்சியில் ஒரே ஒருவருக்குத்தான் முகம் உண்டு. மற்றவர்களெல்லாம் அவருக்குப் பின்னால் நிற்கும் சட்டை.

தொண்ணூறுகளில் அப்படியொரு கட்சியின் வேட்பாளராகத் தச்சநல்லூரில் சைக்கிள் கடை வைத்திருந்த என் தாய்மாமா நின்றார். அவர் மகள் செல்வியைக் கட்டிக்கொள்ளும் உத்தேசம் எனக்கு இருந்தது. மாமாவுக்கு இல்லை. அதனால் பாளையங்கோட்டைக் கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டுக் கட்சி வேலை பார்த்தேன். (கொள்கை கேட்டால், தலைவர் சிரிப்பதைப் போலச் சிரிப்பேன்.)

தலைவர் பிரச்சாரத்துக்கு வந்த அன்று, அவர் நின்ற திறந்த வேனில் மாமாவை ஏற்றிவிடுவது என் பொறுப்பு. கூட்டம் நெருக்கியது. முதலில் நான் தொற்றி ஏறி, கீழே கையை நீட்டினேன்.

"ஏலே, கையக் குடுலே!" என்றார் மாமா.

கொடுப்பதற்குள் தலைவர் அந்தக் கையைப் பிடித்துவிட்டார். அவருக்கு எப்போதும் கண் கூட்டத்தின் மேல்தான், பக்கத்தில் நிற்பவனைப் பார்க்கிற பழக்கமே கிடையாது. கையை உயரத் தூக்கி, "இவர்தான் உங்கள் வேட்பாளர்!" என்றார்.

ஊரே விசிலடித்தது. இருபது வயதுப் பையன் எம்.எல்.ஏ.வுக்கு நிற்க முடியாது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். மிச்சமிருந்த கையால் ஒரு அரைக் கும்பிடு வேறு போட்டேன்.

கீழே மாமா, "நாந்தாம்யா வேட்பாளர்!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"ஆமா, நான் கவர்னரு. தள்ளி நில்லும் வே, தலைவரு பேசுதாருல்லா" என்றார் பக்கத்தில் நின்றவர்.

வேன் போன பிறகு, பிய்ந்த செருப்போடு மாமா வந்தார். "நான் தோத்தேன்னு வையி, எங்க வீட்டு வாசப்படிய மிதிச்சிராத."

பயந்துபோய் மறுநாளே மாமாவை இழுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறினேன். "ஆச்சி, வேட்பாளர் நானில்ல. இவுகதான்."

"யாரா இருந்தா என்னய்யா? நாங்க தலைவருக்குல்லா போடுதோம்!"

மாமாவுக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் அமோகமாக ஜெயித்தார். (அவர் கடைக் காற்றடிக்கும் பம்பை வேட்பாளராக நிறுத்தியிருந்தாலும் ஜெயித்திருக்கும். இதை மாமாவிடம் சொல்லவில்லை. பெண் கேட்க வேண்டியிருந்ததே.)

செல்வி பிடிவாதமாக நின்று மாமாவைச் சம்மதிக்க வைத்தாள். கல்யாணத்துக்குத் தலைவரே வந்தார். தாலியை எடுத்தார். வழக்கம்போல மண்டபத்தைப் பார்த்துச் சிரித்தபடியே, என் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளைத் தோழனிடம் நீட்டினார். அந்தப் பாவியும் கையை நீட்டிவிட்டான்!

மாமா மணமேடையில் ஒரே தாவாகத் தாவி, என் கையைப் பிடித்து உயரத் தூக்கினார். "தலைவரே! மாப்பிள்ளை இவன்!"

மண்டபம் விசிலடித்தது.

இன்றைக்கும் வீட்டுக்கு யாராவது புதிதாக வந்தால், செல்வி என் கையைத் தூக்கிக் காட்டித்தான் அறிமுகம் செய்கிறாள். "நல்லாப் பாத்துக்கிடுங்க, இவுகதான்."