என் வலது கண்ணும் ஜெரால்டீனின் கையும்

மதிப்புக்குரிய ஆசிரியர் லியோ தம்பிக்கு,

உர்சுலா கரீன் எழுதுவது. இங்கே நான் நலம், என் வலது கண் என்னைவிட நலம். உங்கள் மனைவியின் முட்டிவலி தேவலையா? உங்கள் வாரப் பத்திரிகை 1987 ஆகஸ்டில் செய்த தப்புக்குத் திருத்தம் இன்னும் வரவில்லை என்பதை முதலில் மரியாதையோடு சொல்லிக்கொள்கிறேன். மாதா கோயில் தோட்ட விழாவில் முதல் பரிசு வாங்கிய பேக்கப்பிள் என்கிற சதுப்புப்பழ ஜாம் என்னுடையது. முழங்கால்வரை சதுப்பில் நின்று, கொசுக்கடியில் பழம் பொறுக்கியது நான். நீங்கள் போட்ட பெயர் ஜெரால்டீன் டோபின். அவளும் அதை மறுக்கவில்லை, அதனால் முப்பத்தெட்டு வருடமாக அவளோடு எனக்குப் பேச்சில்லை. பூசையில் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரத்தில்கூட நான் தூணுக்குத்தான் கைகொடுக்கிறேன்.

இப்போது என் புகார். போன வாரம் ஆஸ்பத்திரியில் எனக்குக் கண்புரை எடுத்தார்கள். ஊசி கிடையாது, வெறும் சொட்டு மருந்துதான், கண் மரத்துப்போகும், முழித்துக்கொண்டே கிடக்கலாம் என்றார்கள். ஊசி என்றால் எனக்குக் குலை நடுங்கும், அதனால் சரி என்றேன். பிறந்த தேதியை எட்டுப் பேர் கேட்டார்கள். எட்டாவது நர்ஸிடம், "ஏம்மா, மத்த ஏழு பேரும் உங்கிட்ட சொல்லலியா? இங்க ஒருத்தருக்கொருத்தர் பேச்சுவார்த்த இல்லியா?" என்று கேட்டே விட்டேன். அவள் இன்னும் இரண்டு சொட்டு விட்டுவிட்டுப் போனாள்.

பிறகு முகத்தை நீலத் துணியால் மூடி, கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்டு, இமைக்க முடியாதபடி கம்பி வைத்தார்கள். "தலைய ஆட்டக் கூடாது, பேசக் கூடாது. சேவைக்கு வந்தவங்க ஒருத்தர் உங்க கையப் புடிச்சிருப்பாங்க. இருமல் வந்தா அழுத்துங்க, நிறுத்திடறேன். சும்மா அசைஞ்சீங்கன்னா கண்ணுக்குப் பக்கத்துல ஊசி போட வேண்டி வரும்" என்றார் டாக்டர். ஒரு கை வந்து என் கையைப் பிடித்தது. அதன் மோதிர விரலில் பாதி இல்லை.

அந்தப் பாதி 1974 பிப்ரவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை, மீன் ஆலையின் வெட்டுமேசையில் போனது. என் ஏப்ரன் நாடாவைக் கிழித்துக் கட்டுப்போட்டவளே நான்தான். எனக்குத் தெரியாதா அது ஜெரால்டீன் கை என்று? இழுத்தேன், அவள் விடவில்லை. நசுக்கினேன்.

"இருமலாம்மா?" டாக்டர் நிறுத்தினார்.

"இல்ல."

மறுபடி நசுக்கினேன்.

"இப்பவாவது இருமலா?"

"இல்ல டாக்டர்."

"இன்னொரு தடவ சும்மா அழுத்தினா ஊசிதான்."

அப்போது அவள் என் காதோரம் குனிந்தாள். "ஏட்டி உர்சுலா, அசையாம கெட. ஜாம் பாட்டில்ல பேர்ச்சீட்ட மாத்தி ஒட்டுனது நாந்தான். சொல்லிரலாம்னு ரெண்டு தடவ உன் வாசலுக்கு வந்தேன், நீ கதவச் சாத்திட்ட."

முப்பத்தெட்டு வருடமாகக் காத்திருந்த பேச்சு தம்பி. பதிலுக்குத் திட்ட எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். வாய் திறக்க முடியவில்லை, முறைக்கக்கூட முடியவில்லை. மேலே வெளிச்சம் மஞ்சளும் நீலமுமாக நீந்துகிறது. வலி துளியும் கிடையாது, அதுதான் எரிச்சல், கத்துறதுக்கு ஒரு சாக்கு வேண்டாமா? ஒன்பது நிமிடம் அவள் கையைப் பச்சைப்பிள்ளை மாதிரி பிடித்துக்கொண்டு கிடந்தேன். துணியை எடுத்தபோது அவள் அடுத்த ஆளின் கையைப் பிடிக்கப் போய்விட்டாள்.

ஆகவே, பிடிக்கப்போவது யார் கை என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள். 1987 திருத்தத்தையும் அவள் ஒப்புக்கொண்டதையும் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

உங்கள் வீட்டில் கணப்பு அணையாமலும் கூரை ஒழுகாமலும் மாதா காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உர்சுலா கரீன்

பின்குறிப்பு: இதைப் போட வேண்டாம் தம்பி. திருத்தமும் வேண்டாம். அச்சில் பார்த்தால் அவள் ஆஸ்பத்திரிக்கு வருவதையே நிறுத்திவிடுவாள். என் இடது கண்ணுக்கு நவம்பர் பதினெட்டில் நாள் குறித்திருக்கிறார்கள். அதே கைதான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நான் அசைய முடியாமல் கிடந்தால்தான் அவளுக்கு வாய் திறக்கிறது, அவள் சொல்ல வேண்டிய 1991 கேக் விஷயம் வேறு பாக்கி இருக்கிறது. அவள் சொல்லி முடிக்கிறவரை நான் இருமமாட்டேன்.