உம்ம தம்பி கதவைத் தட்ட மாட்டேங்கான்

மேலப்பாளையம்,
புதன்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் ஜனாப் சிராஜுதீன் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை மஹ்மூதா பீவியின் மாப்பிள்ளை அசன் முகம்மது ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கு நானும் தங்கள் தங்கையும் மகள் தஸ்மியாவும் சுகம். அதுபோலக் களக்காட்டில் தாங்களும், வீட்டாரும், வாழைத்தோப்பும், தங்கள் முழங்கால் வலியும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன்.

முழங்கால் வலியை நான் சும்மா எழுதவில்லை. தங்கள் தம்பி ரசீதைப் பாளையங்கோட்டை ஜெயிலிலிருந்து விடுகிற அன்று தங்களை எழுந்திருக்கவே விடாமல் படுக்க வைத்த அந்த வலி, மறுநாளே திருச்செந்தூரில் லாரி மேல் ஏறி நின்று வாழைத்தார் இறக்கியதாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். போகட்டும். போன் போட்டால் தாங்கள் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நான் அனுப்பியதெல்லாம் நீலக் குறி விழுந்து கிடக்கிறது, பதிலை மட்டும் காணோம். பதிவுத் தபாலை வாங்கிக்கொண்டு 'சிக்னல் இல்லை' என்று சொல்ல முடியாது பாரும், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்னால் தாங்கள் இங்கே வந்து ரசீதைக் களக்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். ஜும்ஆ முடிந்ததும் கடையநல்லூரிலிருந்து தஸ்மியாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். நல்ல இடம், பையன் படித்தவன். கடைவாசலில் நடந்த கைகலப்பில் ரசீத் தள்ளினான், எதிராளி படியில் தலை மோதி மவுத்தானார், அதற்கான தண்டனையை இவன் முழுசாக அனுபவித்துவிட்டுத்தான் வெளியே வந்திருக்கிறான். அது கோர்ட்டுக்குச் சரி. கடையநல்லூருக்குச் சரியா வருமா? நீரே சொல்லும்.

என் நிலைமை விளங்க வேண்டுமென்றால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஜெயிலிலிருந்து வருகிறவர்களுக்கு ஆதார் அட்டை, பேங்க் கணக்கு, வேலை, தங்க இடம் எல்லாம் பார்த்துக் கொடுக்கிற மையம் ஒன்று டவுணில் இருக்கிறது. அங்கே நித்யா என்று ஒரு பெண். சின்னப் பிள்ளைதான், ஆனால் பேச்சில் வக்கீல் தோற்றார். "ஐயா, வெளிய வந்த புதுசுல ஒரு வீடு இருந்துட்டுன்னா அவுங்க நிமிந்துருவாங்க. வீடு இல்லேன்னா நாங்க என்ன செஞ்சாலும் நிக்காது"ன்னு சொன்னா. நான் யோசித்துச் சொல்கிறேன் என்று வாயைத் திறப்பதற்குள் உம்ம தங்கச்சி என்னை ஒரு பார்வை பார்த்தா. அந்தப் பார்வை உம்ம வாப்பாவுடையது, உமக்கே தெரியும். சரின்னுட்டேன்.

கூட்டிக்கொண்டு வரப் போன அன்றே பிடித்தது சனியன். ஜெயில் வாசலில் காவலர் கையெழுத்து வாங்கிக்கொண்டு ரசீதை வெளியே விட்டார். பை ஒன்று, சட்டை ஒன்று, நரைத்த தாடி, அவ்வளவுதான் உம்ம தம்பி. மஹ்மூதா ஆட்டோவில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். நானோ மரியாதை தெரிந்த மனுஷன், நெசவாளர் சங்கத்தில் ஆயுசு முழுக்க அதிகாரிகளுக்குக் கை தூக்கியே பழகிய உடம்பு. வாசலிலே நின்று காவலரைப் பார்த்துக் கையைத் தூக்கி, "அப்போ போயிட்டு வாறோம் சார்" என்று சொல்லிவிட்டேன். மச்சான், ஜெயிலில்! அந்தக் காவலரே அரண்டுபோய், "யோவ் பெரியவரே, எங்க வந்து என்ன சொல்லுதீரு? திரும்பிப் பாக்காமப் போம்வே!" என்று விரட்டினார். ரசீத் முகத்தில் ரத்தமே இல்லை. ஆட்டோக்காரர் வண்டியைக் கிளப்பாமல் திரும்பி, "வாயக் கழுவிட்டு ஏறுங்க அண்ணாச்சி" என்றார். உம்ம தங்கச்சி அழுகையை நிறுத்திவிட்டு என்னை வைய ஆரம்பித்தவள், மேலப்பாளையம் வந்த பிறகும் முடிக்கவில்லை. சகுனம் பார்ப்பது நம் மார்க்கத்தில் கிடையாது என்று நானும் அன்று முழுக்க அவளிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ரெண்டு ரக்அத் நஃபில் தொழுதேன்.

அதிலிருந்து ரசீத் 'போயிட்டு வாரேன்' என்ற சொல்லையே வாயில் எடுப்பதில்லை. டீ குடிக்கப் போனாலும் சரி, பள்ளிவாசலுக்குப் போனாலும் சரி, கேட்டு திறந்திருக்கிற நேரம் பார்த்துப் பைய எழுந்து பேசாமல் போய்விடுகிறான். உள்ளே இருந்து விடுதலையாகிறவர்கள் அப்படித்தான் சொல்லாமல் எழுந்து போவார்களாம். அவன் போகிறபோதெல்லாம் உம்ம தங்கச்சி வாசலையே பார்க்கிறாள், பிறகு என்னைப் பார்க்கிறாள். நான் என்ன வே செய்ய?

அடுத்தது கதவு. மூடின கதவை அவன் தானாகத் திறக்க மாட்டான். குளிக்கப் போனால் குளியலறைக் கதவு முன்னால் துண்டோடு நிற்கிறான், யாராவது வந்து தள்ளிவிட வேண்டும். காலையில் கேட்டுக்கு உள்பக்கமாக நின்று தெருவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். எதிர்வீட்டு மைதீன் பாத்திமா ஜன்னலைச் சாத்திக்கொண்டு, "நோட்டம் பாக்காவ போல"ன்னு தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அவன் நோட்டமும் பார்க்கவில்லை ஒண்ணும் பார்க்கவில்லை, யாராவது தாழ்ப்பாளை நீக்குவார்களா என்று பார்க்கிறான். பொழுது சாய்ந்து மஃரிபு ஆனதும் தானாக அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, "மச்சான், வெளிய கொண்டி போடலியா?" என்று கேட்கிறான். போடாவிட்டால் தூக்கம் வராதாம். உம்ம தங்கச்சி அடுப்படியில் போய் நின்று அழுகிறாள். எனக்குச் சோறு இறங்குமா, சொல்லும்.

இதையெல்லாம் நித்யாவிடம் சொன்னால், "பழகுறதுக்கு நாளாகும் ஐயா, நீங்க குடும்பக் கூட்டத்துக்கு வாங்க" என்று டவுணுக்கு வரச் சொன்னாள். போனேன். வட்டமாக நாற்காலி, டீ, சுண்டல். பக்கத்தில் சுடலைமணி என்று ஒருத்தர், உள்ளே இருந்து வந்து இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறாராம். என் கையை ஆதரவாகப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி எத்தன வருசம் இருந்திய?" என்று கேட்டார். நெசவாளர் சங்கத்தைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "முப்பத்து நாலு வருஷம். ஒரு நாள் லீவு போட்டதில்லை" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். மனுஷன் கண்ணில் தண்ணி வந்துட்டு. "பரோல்ல கூட வரலியா?" என்றார். அதற்குள் கூட்டமே எழுந்து, பேனுக்கு நேராக இருந்த நாற்காலியை எனக்குப் போட்டது. நான் உண்மையைச் சொல்லலாம் என்று பார்த்தால், ஒரு கிழவியம்மா என் தலையைத் தடவி, "இனிமே ஒண்ணும் ஆகாதுய்யா" என்றாள். பேசாமல் சுண்டலைத் தின்றுவிட்டு வந்தேன்.

சிரிக்காதேயும். நேற்று நடந்ததைக் கேட்டால் சிரிப்பு வராது.

நேற்றுக் காலையில் பசியாறும்போது அவனிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஏலே ரசீது, வெள்ளிக்கிழமை பொண்ணு பாக்க வாராங்க. நீ அன்னைக்கு மட்டும் இங்கன இருக்காத. காக்கா வந்து களக்காட்டுக்குக் கூட்டிட்டுப் போவாரு" என்று உம்மைச் சொன்னேன். ஆப்பத்தைப் பிய்த்துக்கொண்டே "சரி மச்சான்" என்றான். ஒரு கேள்வி இல்லை, முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. சாயங்காலம் அஸருக்குப் பிறகு பார்த்தால் ஆளைக் காணோம். மையத்தில் கொடுத்த போன் தலையணை மேல் இருக்கிறது. "காலைல நீங்க சொன்னதுக்குத்தான் போயிட்டான்"ன்னு மஹ்மூதா தலையில் அடித்துக்கொண்டாள். புறவாசல் வழியாக முடுக்கில் இறங்கி ஓடினேன். சந்தை முக்கில் பார்த்தேன், பள்ளியில் பார்த்தேன், பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். நித்யா ஸ்கூட்டரில் ஒரு பக்கம், சுடலைமணி லோடு ஆட்டோவில் ஒரு பக்கம். கடைசியில் ஆத்துப் பாலத்துக்கு வந்துவிட்டேன். தாமிரவருணியில் செங்கலங்கலாகத் தண்ணீர் போகிறது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்து பார்த்தேன். ஒரு துண்டு மிதந்து போச்சு. யார் துண்டோ என்னவோ, எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது, அங்கேயே உட்கார்ந்துட்டேன். 'யா அல்லாஹ், அவனைக் கொடுத்துரு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்'னு வாய்விட்டே கேட்டேன். பாலத்தில் போகிறவர்கள் என்னைப் பிடித்துக் குதிக்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

சுடலைமணி ஆட்டோவில் என்னைத் தூக்கிப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தால், எங்கள் வீட்டு முன்கேட்டுக்கு வெளியே, கையில் பக்கோடாப் பொட்டலத்தோடு, நிற்கிறான் உம்ம தம்பி! மைதீன் பாத்திமா தன் வீட்டு ஸ்டூலை அவனுக்குப் போட்டிருக்கிறாள், அதிலும் உட்காரவில்லை. "நீங்க புறவாசல் வழியா ஓடுனியள்லா, அப்பவே வந்துட்டாவ. உள்ள மஹ்மூதா லாத்தா அழுத சத்தம் தெருவுக்கே கேக்கு. கதவத் தட்டும்னு எத்தன வாட்டி சொன்னேன், மாட்டேங்காவ" என்கிறாள்.

"ஏலே, தட்டுனா என்னலே? கை என்ன ஒடிஞ்சா போச்சு?" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

"அங்க நாம தட்டுனா தொறக்காது மச்சான். தொறக்கும்போதுதான் தொறக்கும்."

"இது அங்க இல்லலே, உன் லாத்தா வீடு!"

அவன் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "தட்டத்தான் கையத் தூக்குனேன். காலைல நீங்க சொன்னதுக்குப் பொறவு, தட்டலாமா என்னன்னு தெரியல."

பக்கோடா ஆறிப்போய் எண்ணெய் கட்டியிருந்தது. தஸ்மியாவுக்குப் பிடிக்கும் என்று மஹ்மூதா என்றைக்கோ சொன்னாளாம், அதை வாங்கத்தான் போயிருக்கிறான்.

இதனால் என் மனசு இளகிவிட்டது என்று தாங்கள் நினைக்க வேண்டாம். நான் பெண்ணைப் பெற்றவன். நாளைக்கு அவனுக்கு ஜங்ஷனில் குற்றாலலிங்கம் அண்ணாச்சியின் ரொட்டிக்கடையில் வேலை ஆரம்பம், உள்ளே படித்த வேலை, நித்யா நடையாய் நடந்து பேசி வாங்கினது. வீட்டோடு இருக்கிற ஆள் என்று சொன்னதால்தான் அண்ணாச்சி சம்மதித்தாராம். இங்கிருந்து கிளப்பினால் வேலையும் போகும் என்று அந்தப் பெண் சொல்கிறாள். போனால் என்ன, களக்காட்டிலும் மனுஷர்கள் ரொட்டி தின்னத்தானே செய்கிறார்கள்? உம்ம வீட்டில் மாடியில் ரெண்டு அறை சும்மா கிடக்கிறது. கூடப் பிறந்தவர் நீர். நான் வெறும் மாப்பிள்ளை. வந்து கூட்டிக்கொண்டு போம். வராவிட்டால் நானே பஸ் ஏற்றிவிடுவேன், அவன் உம்ம கேட்டு முன்னால் வந்து நிற்பான், தட்டவும் மாட்டான், ஊர் பார்க்கும்.

பெரியவர்களுக்கு என் ஸலாம். பிள்ளைகளுக்கு துஆ. தங்கள் முழங்காலுக்கு ஷிஃபாவையும், என் கடிதத்துக்குப் பதிலையும், எங்கள் தஸ்மியாவுக்கு நல்ல நஸீபையும் அல்லாஹ் தருவானாக.

இப்படிக்கு,
தங்கள் வருகையை எதிர்பார்க்கும்
மச்சான் அசன் முகம்மது.

பின்குறிப்பு: வியாழன், மஃரிபுக்குப் பின். மேலே எழுதியதில் ரசீதைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னதை அடித்துவிட்டு வாசிக்கவும். கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் பார்த்தேன், 'காக்காவும் படிக்கட்டும்'னு உம்ம தங்கச்சி பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

நேற்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில், எங்களைக் கேட்காமலே தஸ்மியா கடையநல்லூருக்குப் போன் போட்டுவிட்டாள். "எங்க மாமா ஜெயில்ல இருந்து வந்துருக்காவ. எங்க வீட்டுலதான் இருப்பாவ. இது தெரிஞ்சு வாறதுன்னா வாங்க" என்று சொல்லிவிட்டு, போனை வைத்துவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டாள். ரசீத் சோற்றில் கையை வைத்தபடி இருந்தான், கண்ணீர் தட்டில் விழுந்தது. அந்தப் பக்கமிருந்து இந்த நேரம் வரை ஒரு பதிலும் இல்லை. வந்தால் வரட்டும், வராவிட்டால் அவர்களுக்கு அந்த நஸீபு இல்லை. நீர் மட்டும் வந்துவிடும். கூட்டிக்கொண்டு போக அல்ல, மூத்த மாமனாகக் கூடத்தில் ரசீது பக்கத்தில் உட்கார. ஒரு தார் ஏத்தன் பழமும் கொண்டு வாரும். தபாலில் போட்டால் இனி நேரத்துக்குச் சேராது, விடியும் முன்னே சுடலைமணி இதை லோடு ஆட்டோவில் கொண்டுவந்து தருவார்.

இன்று காலையில் வேலைக்குக் கிளம்பினவன் வழக்கம்போலக் கேட்டு முன்னால் நின்றான். நான் எழுந்து திறக்கப் போனேன், உம்ம தங்கச்சி என் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டாள். நின்றான், நின்றான். பிறகு அவனே தாழ்ப்பாளை நீக்கினான். படியில் இறங்கித் திரும்பிப் பார்த்து, "லாத்தா, போயிட்டு வாரேன்"னான். என்னையும் பார்த்து, "மச்சான், போயிட்டு வாரேன்"னான். நான் கையைத் தூக்கினேன் மச்சான்.

கடை மஃரிபுக்கு முன்னாலேயே முடிந்துவிடும் என்று சொன்னான். இன்னும் ஆளைக் காணோம். பஸ் கிடைக்கவில்லையோ என்னவோ. உம்ம தங்கச்சி வாசலைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். நான் கேட்டை வேண்டுமென்றே சாத்தி வைத்திருக்கிறேன்.

யாரோ தட்டுகிறார்கள். எங்கள் கேட்டுத்தான். பைய, ஒரே ஒரு தட்டு. மஹ்மூதா எழுந்து ஓடுகிறாள், நான்தான் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். இரு புள்ள, இன்னொரு வாட்டி தட்டட்டும், கேட்டுட்டுத் திறப்போம்.