பேராசிரியரின் பையில் ஒரு கிளாம்ப்

கழற்றுபவர்கள் என்றொரு இனம் உண்டு. நன்றாகச் சுற்றும் மின்விசிறியைக் கண்டால் இவர்களுக்கு இருப்புக்கொள்ளாது. பிரிப்பார்கள், தரையெங்கும் பரப்புவார்கள், அதற்குள் வேறெங்கோ குழாய் சொட்டும் சத்தம் கேட்டு எழுந்து போய்விடுவார்கள். திரும்ப மாட்டுவது? அது வீட்டில் இருப்பவர்கள் பாடு.

நம் பேராசிரியர் இந்த இனத்தின் திலகம். அவருடைய ஆராய்ச்சி என்ன தெரியுமா? சிரிக்கக் கூடாது. நோயெதிர்ப்பு உயிரணு வளரும்போது தன் டி.என்.ஏ. இழையைத் தானே வெட்டி, துண்டுகளை மாற்றி ஒட்டி, இன்னும் பார்த்தேயிராத கிருமியையும் அடையாளம் காணும் விதவிதமான ஏற்பிகளைச் செய்துகொள்கிறது. இழை அறுந்தும் அது சாகாமல் இருப்பது எப்படி என்பதுதான் கேள்வி.

அன்று ஆய்வகத்தில், உயிரணு வளர்க்கும் இன்குபேட்டரில் 'உஸ்' என்றொரு சத்தம் கேட்டது, அவருக்கு மட்டும். உள்ளே ஆய்வு மாணவி மாதக்கணக்காகப் போற்றி வளர்த்த உயிரணுக்கள்; அவை போனால் அவள் பட்டமும் போயிற்று. அவை பிழைக்க வேண்டிய கரியமிலவாயு வரும் குழாயை இறுக்கிப் பிடித்திருந்த கிளாம்பைக் கழற்றினார். "ஒரு நிமிஷம் பிடிம்மா" என்று குழாயை அவள் கையில் கொடுத்தார். தான் ஆற்ற வேண்டிய உரைக்கு நேரமானது நினைவுக்கு வந்தது. கிளம்பிவிட்டார்.

அரங்கில் வெளுத்து வாங்கினார். "வெட்டுறது பெருசில்லைங்க. வெட்டிட்டு அந்த செல் எங்கயும் ஓடல பாருங்க! பெருகுறத நிறுத்துது, சாவைத் தள்ளிப்போடுது, ஒட்டின பிறகுதான் மறுவேலை. என்ன பொறுப்பு!"

கைபேசி அதிர்ந்தது. மாணவி.

"சார், கிளாம்ப் எங்க சார்?"

"கழட்டின இடத்துலதாம்மா இருக்கும்."

"கழட்டின இடத்துல நான்தான் சார் இருக்கேன்."

வைத்துவிட்டார். முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். "ஒட்டுற வரைக்கும் அறுந்த முனைகள யாருங்க பிடிச்சுக்கிட்டு இருப்பாங்க?"

பதில் யோசித்தபடி பேராசிரியர் சட்டைப் பைக்குள் கைவிட்டார். ஏதோ சில்லென்று தட்டுப்பட்டது.

"சில புரதங்கள்" என்றார், சுருதி இறங்கி. "நன்றி, வணக்கம்." ஓட்டமும் நடையுமாக ஆய்வகத்துக்குத் திரும்பினார்.

அவள் அங்கேயே நின்றிருந்தாள், குழாயை அழுத்திப் பிடித்தபடி. உயிரணுக்கள் பிழைத்திருந்தன. கிளாம்பை மாட்டியதும் அவருக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது.

"பாத்தியாம்மா? இந்த செல் லேசுல சாகாதுன்னு நான் அப்பவே சொல்லல?"

"சொன்னீங்க சார். என் கைதான் செத்துடுச்சு."

"அந்த மைக்ராஸ்கோப் கொஞ்சம் ஆடுற மாதிரி இல்ல?" என்றார். அவள் ஸ்க்ரூடிரைவரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லைதான். இருந்தாலும் சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். திருகாணி ஏதாவது தட்டுப்பட்டால், வீட்டுக்கு விரைந்து போங்கள்; அங்கே யாரோ எதையோ பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.