ஐரின் பெயருக்குக் கீழே என்ன போடுவது?

விளாங்குடி, மதுரை.

அன்புள்ள மாப்பிள்ளை ஜெரால்டுக்கு,

ஆண்டவர் கிருபையால், என் முழங்கால் நீங்கலாக, நானும் உங்கள் அக்கா மரியம்மாளும் நலம். உங்கள் பத்திரிகையின் ஞாயிறு மலரில் எங்கள் மகள் ஐரினைப் பற்றி எழுதி, பெயருக்குக் கீழே 'பத்திரிகையாளர்' என்று போடப்போவதாகப் போனில் சொன்னீர்கள். தயவுசெய்து வேண்டாம். 'கலைஞர்' என்றே போடுங்கள்.

அவள் எடுத்த படங்களை பெர்லினில் சுவரில் மாட்டி, வெள்ளைக்காரர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்கிறார்கள். அது உங்களுக்கே தெரியும். போன மாதம் உசிலம்பட்டிக்கு மேற்கே ஓர் ஊரில் வறண்ட நிலத்தைப் படமெடுக்கப் போனாள், துணைக்கு நானும் போனேன். காலையில் போனவள், வெளிச்சம் சரியில்லை என்று சாயங்காலம் வரை கேமராவைத் தொடவில்லை. உங்கள் நிருபர் ஒருவர் இப்படிச் செய்தால் வேலையில் வைத்திருப்பீர்களா? அதற்குள் தெருக்குழாயடியில் கூட்டம் கூடிவிட்டது. ரெங்கம்மாள் என்ற ஓர் அம்மாள் காலிக் குடத்தோடு வந்து, "பேப்பர்காரப் புள்ளையா தாயி? இந்தக் குழாயில தண்ணி வந்து எம்புட்டு நாளாச்சு தெரியுமா? எழுதும்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டார். இவளோ, "நான் பேப்பர்ல இல்லம்மா, படம் மட்டுந்தான் எடுப்பேன்" என்றாள். அந்த அம்மாளின் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து எனக்கே சங்கடமாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஜீப்பில் குடிநீர் அதிகாரி ஒருவர் வந்து இறங்கி, "பிரஸ்ஸா?" என்று அதட்டினார். நான் முந்திக்கொண்டு, "இல்ல சார், ஆர்ட்டு! வெறும் ஆர்ட்டு!" என்று கத்திவிட்டேன். அவ்வளவுதான், மனிதர் குளிர்ந்துபோனார். சீப்பை எடுத்துத் தலைவாரி, குழாயின் மேல் ஒரு கையை ஊன்றி, காலிக் குடங்களுக்கு நடுவே கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் வெளிச்சம் சரியாக விழுந்ததாம். எடுத்தாள்.

அந்தப் படத்தைச் சென்னைக் கண்காட்சியில் மாட்ட, பார்த்தவர்கள் செல்போனில் அனுப்ப, அது மேலிடம் வரை போய் இப்போது அந்த அதிகாரி மேல் விசாரணை நடக்கிறது. அவர் பதிலுக்கு இவள் மேல் பாய்வாரோ என்றுதான் என் பயம். கலைஞர் என்றால் மாலை போடுவார்கள், பத்திரிகையாளர் என்றால் வழக்குப் போடுவார்கள். "படத்துக்காகக் குடத்த நீ நகட்டி வச்சியாம்மா?" என்று கேட்டேன். "நான் எதையும் நகட்டலப்பா, அவருதான் நகண்டு வந்து நின்னாரு" என்கிறாள். "அப்ப நீ யாரும்மா?" என்றால், "அந்தம்மாவுக்குத் தண்ணி வரட்டும், பெறகு சொல்றேன்" என்கிறாள். உங்கள் அக்காவோ, "நடந்தத நடந்தபடி காட்டுனா அது செய்திதான? எம்புள்ள பத்திரிகக்காரிதான்" என்று சொல்லி, நான் ஒத்துக்கொள்ளும் வரை காபி கிடையாது என்றுவிட்டாள். ஒரு தகப்பனின் பயத்தை மதித்து, கலைஞர் என்றே போடுங்கள்.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். கர்த்தர் உங்களையும், உங்கள் அச்சு இயந்திரத்தையும் பிழையின்றிக் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்,
ஞானமுத்து

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. விலாசம் விசாரித்துக்கொண்டு ரெங்கம்மாள், இடுப்பில் ஒரு பறங்கிக்காயோடு. குழாயில் தண்ணீர் வந்துவிட்டதாம். "பேப்பர்காரப் புள்ள வீடு இதானாய்யா?" என்று கேட்டார். "ஆமாம்மா, நான்தான் அவ அப்பா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. மேலே எழுதியதை மறந்துவிடுங்கள் மாப்பிள்ளை. 'பத்திரிகையாளர்' என்றே போடுங்கள், கொட்டை எழுத்தில்.