பீமபலப் பொடியும் கூவிய பெட்டையும்

செவ்வாய், வெள்ளி என்றால் நாமக்கல் பக்கம் எருமப்பட்டிச் சாலையில் பஸ் போக வழி இருக்காது. பீமபலச் சித்தர் அருள் வழங்கும் நாள்கள் அவை. போலீஸ் வேலைக்கு ஓட்டம் பழகும் பையன்கள், போர்வெல் போடும் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய் முதுகு தேய்ந்தவர்கள், பெண் கிடைக்காத ஒல்லிகள் எல்லோரும் வெயிலில் வரிசை கட்டி நிற்பார்கள். சித்தர் சில வருஷம் முன்பு குருமூர்த்தி என்ற பெயரில் ஜிம் நடத்தியவர். வாடகை கட்ட முடியாமல் ஜிம்மை மூடினார். உடனே ஞானக்கண் திறந்துகொண்டது.

பக்தர்களுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. மந்திரித்த சிவப்புக் கயிறு இலவசம். பீமபலப் பொடி இலவசமில்லை. டப்பாவின் முன்பக்கம் கதாயுதத்தோடு பீமன். பின்பக்கம், எறும்பு படிக்கும் அளவில் 'டயட்டரி சப்ளிமெண்ட்' என்று இருக்கும்.

"பொடி வெறும் மாவு, சாமி. சக்தியெல்லாம் கயித்துலதான் இருக்குது" என்பார் சித்தர். தன் சரக்கைத் தானே மட்டம் தட்டும் வியாபாரியை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

பொடி தின்றவர்களுக்குத் தோள் புடைத்தது உண்மைதான். வினையே அதுதான். தோள் புடைத்தால் பீமன் அருள். முகம் முழுக்கப் பரு வெடித்தால் பழைய பாவம் வெளியேறுகிறது. ஆண்பிள்ளைக்கு மார்பு வீங்கினால்? அர்த்தநாரீஸ்வரர் அனுக்கிரகம். சித்தரிடம் விளக்கத்துக்குப் பஞ்சமில்லை.

கோழிப்பண்ணை அப்புசாமியின் மகன் நவநீதகிருஷ்ணன் போலீஸ் தேர்வுக்காகப் பொடி விரதம் இருந்தான். தோள் அகன்றது, சோறு இறங்கவில்லை. கால்நடை மருத்துவம் படித்த அக்கா சண்முகப்பிரியா, "என்னடா அது, குடு பாக்கலாம்" என்று கேட்டால் டப்பாவை ஒளித்துவிடுவான்.

அப்புசாமிக்கோ பக்தி பொங்கியது. ஆளுக்கு இவ்வளவு பலம் தரும் பொடி கோழிக்கு எவ்வளவு தரும்! முட்டை பெருக்கட்டும் என்று ஒரு வரிசைக் கோழிகளின் தீவனத்தில் யாருக்கும் தெரியாமல் கலந்துவிட்டார். நாமக்கல்காரருக்கு மட்டுமே தோன்றக்கூடிய வேண்டுதல் அது.

அந்த வரிசையில் முட்டை நின்றுபோனது. கொண்டை மட்டும் செக்கச்செவேல் என்று வளர்ந்தது. ஒரு காலையில் ஷெட்டுக்குள் 'கொக்கரக்கோ' என்று கேட்டது. முட்டைப் பண்ணையில் சேவல் ஏது? குஞ்சாக வாங்கும்போதே பெட்டையாகப் பார்த்துத்தானே வாங்குகிறார்கள்?

"பொட்டக்கோழி கூவுதே, ஊட்டுக்கு ஆகாதே!" என்று அப்புசாமி சித்தரிடம் ஓடினார்.

சித்தர் கண்ணை மூடித் திறந்தார். "தோஷம். கோழிக்கெல்லாம் காலுல கயிறு கட்டோணும்."

"கட்டிப்போடலாமுங்கப்பா" என்றாள் சண்முகப்பிரியா, அவர் பண்ணைக்குத் திரும்பி வந்து சொன்னதும். கூவலைக் கேட்டுப் பயப்படாமல் தீவனத் தொட்டியைப் போய்ப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். அப்பாவிடமிருந்து உண்மையையும் மிச்சப் பொடியையும் கறந்துகொண்டாள். இளம் பெட்டைகளை இரண்டு கூண்டில் பிரித்தாள். ஒன்றுக்குக் கயிறு மட்டும். மற்றதற்குப் பொடி மட்டும்.

கோழிகள் வளர்ந்துகொண்டிருந்தபோதே தம்பியின் கண் மஞ்சளானது.

"ஈரல் கெட்டுப்போச்சுடா. ஆஸ்பத்திரிக்கு வா சாமி."

"போக்கா. இது பொன் தேஜஸாமா. பாதியில நிறுத்துனாத்தான் உசுருக்கு ஆபத்துன்னு சித்தரு சொல்லிப்போட்டாரு."

வெள்ளிக்கிழமை அவன் வரிசையில் நின்றான். சண்முகப்பிரியா இரண்டு கூண்டையும் டெம்போவில் கொண்டுவந்து சித்தர் முன்னால் இறக்கினாள்.

"கயித்துலதான் சக்தின்னீங்களே சாமி. இதுக எல்லாம் கயிறு கட்டுன கோழிங்க. பொடி ஒரு சிட்டிகை போடலீங்க."

கோழிகள் கோழிகளாகவே இருந்தன.

"இதுகளுக்குக் கயிறே இல்லீங்க. நீங்க சொன்ன வெறும் மாவு மட்டும்தான்."

செக்கச்செவேல் என்று வளர்ந்திருந்த கொண்டைகளைப் பார்த்துக் கூட்டம் வாயைப் பிளந்தது.

"கோழிக்கு ஏதம்மா பக்தி?" என்று சீறினார் சித்தர்.

"அதைத்தானுங்க நானும் சொல்றேன். பக்தியே இல்லாம வேலை செய்யுது!"

அந்த நேரம் பார்த்து ஒரு பெட்டை கழுத்தை நீட்டிக் கூவியது.

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "வயித்துக்குள்ள போயி ஸ்டீராய்டா மாறுற சரக்குங்க இது. உங்க தோளு வீங்குனதும் இதுலதான். என்ர தம்பி ஈரலு வீங்குனதும் இதுலதான். மாவுதானுங்களே சாமி, நீங்க ஒரு கரண்டி தின்னு காட்டுங்க பாக்கலாம்."

சித்தருக்கு அன்று விரதமாம்.

நவநீதகிருஷ்ணன் கோழியைப் பார்த்தான். தன் கையில் கட்டியிருந்த கயிற்றை அறுத்தான். "ஆஸ்பத்திரிக்குப் போலாங்க்கா" என்றான். அப்புசாமி வண்டியை எடுத்தார். பையனின் ஈரல் பிழைத்தது. அந்த வருஷத் தேர்வு போனது. போலீஸைத் தேடி அவன் போக முடியவில்லை. சித்தரைத் தேடி போலீஸ் வந்தது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். கோழி கூவிச் சித்தர் மாட்டிய மறுநாள் காலையே பண்ணை வாசலில் பத்துப் பேர் தேங்காய் பழத்தோடு நின்றார்கள்.

"ஏனுங்கம்மிணி, சித்தரு வேசத்தக் கலைச்ச அந்தக் கூவுன கோழி எங்கீங்க? கும்புட்டுட்டுப் போயர்றோம்."

கொண்டை வளரத்தான் ஐயா பொடி வேண்டும். மூளை வளர ஒரு கேள்வி போதும். அதுவும் கயிற்றைப்போல இலவசம்தான், கட்டிக்கொள்ளத்தான் ஆளில்லை.